பெரிய கோயிலுக்குப் பின்னாடி மூணு கிலோமீட்டர்

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். நடுவுல காக்கா சத்தம், டிராக்டர் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க. இதை நான் பூதலூர்ல, எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன்.

பூதலூர் எங்கே இருக்குன்னு கேட்கிறவங்களுக்கு: திருச்சியிலேர்ந்து தஞ்சாவூருக்குப் பாசஞ்சர்ல போனா, தஞ்சாவூருக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாடி. நடுவுல ஆலக்குடி. அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் வயல். போனைப் பார்த்துட்டே இருந்தீங்கன்னா ஊர் தாண்டினதே தெரியாது.

இன்னைக்கு எபிசோட் ஒரு நடையைப் பத்தி. ட்ரெக்கிங் எல்லாம் இல்லை. மூணு, மூணரை கிலோமீட்டர். செருப்பு போட்டுட்டு எங்க அப்பாவே நடந்துட்டார். ஆனா அந்த நடை எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்ல, முதல்ல கோபன்ஹேகன் வரைக்கும் போயிட்டு வரணும்.

கைடு கேட்ட ஒரு கேள்வி

ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் வேலையா கோபன்ஹேகன் போனேன். சனிக்கிழமை ஃப்ரீயா இருந்ததால ஒரு வாக்கிங் டூர்ல சேர்ந்தேன். ஃப்ரீ டூர்னு பேர்தான், கடைசியில எல்லாரும் காசு குடுத்துட்டுத்தான் வரணும். கிறிஸ்டியன்ஷாவ்ன்னு ஒரு பகுதி. ஒரு கால்வாய், அதுல கட்டிப் போட்ட படகுங்க, கரையில பழைய கிடங்குகள். ஊருக்கு நடுவுலேயே இருக்கு, ஆனா சத்தமே இல்லை.

கைடு ஒரு கிடங்கு முன்னாடி நின்னார். இது டேனிஷ் ஆசியக் கம்பெனியோட கட்டடம், 18-ஆம் நூற்றாண்டுல கட்டினது, இங்கேர்ந்து கப்பல் 'ட்ராங்கெபார்'னு ஒரு ஊருக்குப் போகும், அது இந்தியாவுல இருக்குன்னு சொன்னார். எனக்குப் புரியவே அரை நிமிஷம் ஆச்சு. அட, தரங்கம்பாடி! எங்க ஊர்லேர்ந்து பஸ் பிடிச்சா அதே நாள் சாயங்காலம் திரும்பி வந்துடலாம்.

அப்புறம் அவர் சொன்னதுதான் இன்னும் ஆச்சரியம். 1620-இல் தஞ்சாவூர் நாயக்க மன்னர் ரகுநாதர், டென்மார்க் ராஜாவுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கார். காகிதத்துல இல்லை, தங்கத் தகட்டுல. அது இன்னைக்கும் அந்த ஊர் ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு.

நான் உற்சாகமா, "நான் தஞ்சாவூர்க்காரி"ன்னு சொல்லிட்டேன். உடனே அவர் கேட்டார்: "அப்படியா! உங்க ஊருக்கு வந்தா நான் எங்கே நடக்கணும்?"

"அங்கே ஒரு பெரிய கோயில் இருக்கு"ன்னேன்.

"அப்புறம்?"

அப்புறம் எனக்கு எதுவும் வரலை. நான் மூணு வருஷம் தஞ்சாவூர்ல காலேஜ் படிச்சவ. தினமும் காலையில பாசஞ்சர், சாயங்காலம் பாசஞ்சர். ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், காலேஜ், திரும்ப ஸ்டேஷன். மூணு வருஷத்துல அந்தக் கோட்டைக்கு உள்ளே நான் நடந்ததே இல்லை. யாரோ ஊரோட ஓரத்துக் கிடங்கைப் பார்க்க நான் காசு குடுத்து நடக்கிறேன், எங்க ஊர்ல எங்கே நடக்கணும்னு கேட்டா பதில் இல்லை. நல்லாவே சுருக்குன்னு இருந்துச்சு.

நடக்கறதுக்குன்னு நடப்பாங்களா?

போன வருஷம் அப்பாவுக்கு சுகர் கூடிருச்சு. டாக்டர் தினம் மூணு கிலோமீட்டர் நடக்கச் சொல்லிட்டார். அப்பாவுக்கு 66 வயசு. முதல்ல விவசாயம், அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல ரைஸ் மில்லுல வேலை. வேலையா நடன்னா பத்து கிலோமீட்டர் நடப்பார். நடக்கறதுக்காக நடங்கன்னா மாட்டார். "வேலைவெட்டி இல்லாம கையை வீசிட்டு ரோட்டுல போனா ஊர்ல என்ன நினைப்பாங்க பாப்பா?"ன்னு ஒரே கேள்வி.

நான் ஆகஸ்ட்ல லீவு போட்டு வந்திருந்தேன். ஒரு நாள், "அப்பா, தஞ்சாவூர்ல ஒரு வேலை இருக்கு, கூட வர்றீங்களா?"ன்னு கேட்டேன். வேலைன்னதும் சட்டையை மாட்டிட்டார். என்ன வேலைன்னு ரயில்ல கேட்டார். இறங்கினதும் சொல்றேன்னேன். கோபன்ஹேகன் கைடுக்கு நான் சொல்லாம விட்ட பதிலைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலைன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

நான் ரெண்டு வாரமா படிச்சு, போன்ல நோட்ஸ் எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். வருஷம், ராஜா பேர், எல்லாம் ரெடி. நான் கைடு, அவர் டூரிஸ்ட். அதுதான் ப்ளான்.

முதல் நிறுத்தம்: இர்வின் பாலம்

ஸ்டேஷன்லேர்ந்து வெளியே வந்து காந்திஜி சாலையில வடக்கே நடந்தா ஒரு பாலம் வரும். இர்வின் பாலம். கீழே ஓடுறது கல்லணைக் கால்வாய். ஜனங்க புது ஆறுன்னு சொல்வாங்க. என் நோட்ஸ்ல இந்த இடமே இல்லை. நான் பாட்டுக்குப் பாலத்தைத் தாண்டிட்டேன். திரும்பிப் பார்த்தா அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு கீழே பார்த்துட்டு நிக்கிறார்.

"நம்ம தண்ணி பாப்பா"ன்னார்.

உண்மைதான். கல்லணையில காவிரியோட வலது கரையிலேர்ந்து பிரியுற இந்தக் கால்வாய், எங்க பூதலூர்ப் பக்கமா வந்துதான் தஞ்சாவூருக்குள்ளே நுழையுது. இங்கேர்ந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் போயி, புதுக்கோட்டை மாவட்டத்தையும் தொடுது. மேட்டூர் அணையோட சேர்ந்த திட்டம் இது, 1934-இல் முடிஞ்சது. அதுக்கு முன்னாடி காவிரித் தண்ணியே பார்க்காத மேட்டு நிலத்துக்கெல்லாம் தண்ணி குடுக்க வெட்டினது. ரெண்டாயிரம் வருஷத்துப் பழமைன்னு சொல்ற கல்லணைக்கு இது கடைசிப் பிள்ளை மாதிரி. 'புது' ஆறுன்னு பேர் வந்தது அதனாலதான். தொண்ணூறு வருஷம் ஆகியும் இன்னும் புதுசுதான்!

அப்பா ஓட்டத்தைப் பார்த்தே தண்ணி எவ்வளவு விட்டிருக்காங்கன்னு ஒரு கணக்கு சொன்னார். கடைமடைக்குப் போய்ச் சேருமான்னு ஒரு கவலைப்பட்டார். அந்த இடத்துலேயே என் கைடு வேலை பாதி போச்சு.

ரெண்டாவது: தொப்பிக்காரர்

பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பினா பெரிய கோயில். அதைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்லை. 1010-இல் ராஜராஜன் கட்டி முடிச்சது, 216 அடி விமானம். எல்லாரும் வர்ற இடம், எல்லாரும் இத்தோட திரும்பிப் போற இடம். நம்ம நடைக்கு இங்கே ஒரே ஒரு வேலைதான். விமானத்தோட வடக்குப் பக்கம் போய் நின்னு அண்ணாந்து பாருங்க. தெய்வங்களுக்கு நடுவுல தொப்பி போட்ட ஒரு ஆள் தெரிவார். ஐரோப்பியர்!

இவரைப் பத்தி ஊர்ல ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் வரப்போறான்னு ராஜராஜனுக்கு அப்பவே தெரியும், அதான் செதுக்கி வெச்சான்னு. ஆய்வாளர்கள் பலர் சொல்றது வேற. நாயக்கர் காலத்துல திருப்பணி நடந்தப்போ சேர்த்த உருவமா இருக்கும்னு சொல்றாங்க. அதாவது அந்தத் தங்கக் கடிதம் போன காலம். டேனிஷ்காரங்க தஞ்சாவூருக்கு வந்து போயிட்டு இருந்த காலம்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "வந்தவனை எல்லாம் மேலே ஏத்தி வெச்சிருக்காங்க"ன்னார். பாராட்டா கிண்டலான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. [சிரிப்பு]

மூணாவது: சிவகங்கைக் குளம்

இங்கேதான் அமைதியான ஓரம் ஆரம்பிக்குது. கோயிலுக்கு வடக்குப் பக்கம், அதே சின்னக் கோட்டைக்குள்ளே, சிவகங்கைப் பூங்கா இருக்கு. 1871-72-இல் தஞ்சாவூர் நகராட்சி மக்கள் பூங்காவா அமைச்சது. பூங்காவை விடப் பழசு அதுக்குள்ளே இருக்கற குளம். அந்தக் காலத்துல இதோட தண்ணி ருசிக்குப் பேர் போனது. நாலு பக்கமும் மரம். கோயில் வாசல்ல ஆயிரம் பேர் நிக்கும்போது இங்கே காலையில நாங்க ரெண்டு பேர், பெஞ்சுல பேப்பர் படிக்கிற ஒரு தாத்தா, அவ்வளவுதான்.

நான் நோட்ஸைத் திறந்து சேவப்ப நாயக்கர்ல ஆரம்பிச்சேன். அப்பா குறுக்கே கேட்டார்: "இந்தக் குளத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"மழைத் தண்ணிதான்ப்பா."

"மழைத் தண்ணி சரி. எந்தப் பக்கத்து மழை? வரத்து வாய்க்கால் எங்கே? ரொம்பினா எங்கே போகும்?"

என்கிட்ட நாலு ராஜா பேர் இருந்தது. வரத்து வாய்க்கால் இல்லை. வரத்தும் போக்கும் தெரியாம ஒரு குளத்தைத் தெரிஞ்சுக்கிட்டதா சொல்லக்கூடாதுங்கறது அவர் கட்சி. இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்சம் தூரம் நடந்து திரும்ப வருவோம்.

நாலாவது: வாத்தியாரும் ராஜாவும்

குளத்துக்குப் பக்கத்துலேயே ஒரு பழைய தேவாலயம். ஸ்வார்ட்ஸ் தேவாலயம். கட்டின வருஷம் 1779. இதைச் சரபோஜி மன்னர் தன் குரு ஸ்வார்ட்ஸ் ஐயருக்காகக் கட்டினார்னு நிறைய இணையப் பக்கத்துல பார்ப்பீங்க. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. சரபோஜி பிறந்தது 1777. ரெண்டு வயசுல சர்ச் கட்ட முடியாது. தேவாலயம் முதல்ல, அன்பு பின்னாடி.

கிறிஸ்டியன் ஃப்ரெட்ரிக் ஸ்வார்ட்ஸ் ஜெர்மன்காரர். 1726-இல் பிரஷ்யாவுல பிறந்தவர். 1750-இல் டேனிஷ் மிஷன்ல சேர்ந்து வந்து இறங்கின ஊர், அதே தரங்கம்பாடி. அப்புறம் திருச்சி, அப்புறம் தஞ்சாவூர். தமிழ் நல்லா பேசுவார். மராத்தி, பாரசீகமும் தெரியும். பிள்ளையில்லாத துளஜா மன்னர் 1787-இல் சரபோஜியைத் தத்தெடுத்து, இறக்கும் முன்னாடி பையனை இவர் பொறுப்புல விட்டுட்டுப் போனார். சித்தப்பா முறை அமர்சிங் சிம்மாசனத்துல உட்கார்ந்துட்டார். பையனைப் பாதுகாத்து, படிக்க வெச்சு, அவனுக்காக வாதாடினவர் ஸ்வார்ட்ஸ். 1798 பிப்ரவரியில ஸ்வார்ட்ஸ் இறந்தார். அதே வருஷம் சரபோஜி ராஜா ஆனார்.

தேவாலயத்துக்குள்ளே ஒரு வெண்பளிங்குச் சிற்பம் இருக்கு. லண்டன்ல ஜான் ஃப்ளாக்ஸ்மன்கிற பெரிய சிற்பிகிட்ட சொல்லி சரபோஜி செய்ய வெச்சு, கப்பல்ல வரவழைச்சது. ஸ்வார்ட்ஸ் மரணப் படுக்கையில இருக்கார். சரபோஜி அவர் கையைப் பிடிச்சுட்டு இருக்கார். சுத்தி அமைச்சர்கள், இன்னொரு பாதிரியார், பள்ளிக்கூடத்துப் பசங்க. ஃப்ளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. லண்டன்ல உட்கார்ந்துட்டு, தான் பார்க்காத ஊர்ல நடந்த ஒரு பிரிவைச் செதுக்கியிருக்கார். இந்தச் சிற்பம் லண்டன்லேயே இருந்திருந்தா அதைப் பார்க்க நாம டிக்கெட் எடுத்து வரிசையில நிப்போம்.

நாங்க போனப்போ கதவு பூட்டியிருந்துச்சு. அங்கே இருந்த ஒருத்தர்கிட்ட கேட்டதும் திறந்து விட்டார். அப்பா சிற்பத்துக்கு முன்னாடி நின்னு, "யாரு படுத்திருக்கறது?"ன்னார்.

"வாத்தியார்."

"கையைப் பிடிச்சிருக்கறது?"

"ராஜா."

"ம்."

சரி, அப்பாவுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு கதை சொல்லுவோம்னு நெல்லுக் கதையை எடுத்தேன். 1780-களின் தொடக்கம். ஹைதர் அலி படை தஞ்சாவூர்ச் சீமைக்குள்ளே வந்து நாட்டையே சூறையாடிட்டு இருக்கு. கோட்டைக்குள்ளே சாப்பாடு இல்லை, ஜனங்க தெருவுல செத்து விழறாங்க. வெளியே கிராமத்துல நெல்லு இருக்கு, ஆனா கொண்டு வர மாடு இல்லை. மாடு வெச்சிருக்கறவங்க வரமாட்டேங்கறாங்க. ஏன்னா முன்னாடி வேலை வாங்கினவங்க யாரும் கூலியை ஒழுங்கா குடுக்கலை. ராஜா பேரைச் சொன்னாலும் நம்பிக்கை இல்லை, கும்பெனி பேரைச் சொன்னாலும் நம்பிக்கை இல்லை. கடைசியில ராஜாவே ஸ்வார்ட்ஸைக் கேட்டுக்கறார். நீங்க சொல்லிப் பாருங்கன்னு.

ஸ்வார்ட்ஸ் குடியானவங்களுக்கு எழுதி அனுப்பினார். வாங்க, உங்களுக்குச் சேர வேண்டியதை என் கையால குடுக்கறேன்னு. ரெண்டே நாள்ல ஆயிரத்துக்கும் மேல மாடுகள் வந்து சேர்ந்துச்சு. கோட்டைக்குள்ளே வந்த நெல்லு 80,000 கலம். இது அவரே கடிதத்துல எழுதி வெச்ச கணக்கு.

அப்பா உடனே மனசுக்குள்ளே பெருக்கினார். "ரெண்டு கலம் ஒரு மூட்டை. நாப்பதாயிரம் மூட்டை!" மில்லுல வேலை பார்த்தவர் இல்லையா, அந்த நாப்பதாயிரம் மூட்டையையும் கண்ணு முன்னாடி அடுக்கிப் பார்த்துட்டார்னு நினைக்கிறேன். அப்புறம் மெதுவா கேட்டார்.

"காசைக் குடுத்தாரா?"

"குடுத்தார்ப்பா. எல்லாருக்கும் சேர வேண்டியதைக் குடுத்துட்டேன்னு எழுதியிருக்கார்."

அப்பா வெளியே வந்து படியில உட்கார்ந்துட்டார். கால் வலிக்குதோன்னு நினைச்சேன்.

"நான் ஏன் வெள்ளாமையை விட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரிஞ்ச கதை: அப்பாவுக்கு மில் வேலை கிடைச்சது, மாசச் சம்பளம், அதனால நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். சின்ன வயசுலேர்ந்து அதுதான் எனக்குச் சொன்ன கதை.

"நீ மூணாவது படிக்கும்போது ஒரு வருஷம் சம்பா நல்லா வந்துச்சு. வெளியூர் வியாபாரி ஒருத்தன் களத்துலேயே வந்து நாப்பத்திரண்டு மூட்டை எடுத்தான். கால்வாசி கையில குடுத்தான், மீதி பொங்கலுக்கு அப்புறம்னான். அதுக்கு முன்னாடி ரெண்டு போகம் சரியா குடுத்தவன்தான். நான் அவன் கடைக்கு எத்தனை தடவை நடந்தேன் தெரியுமா? கடைசியா போனப்போ கடையே இல்லை. உரக்கடைக்குக் கடன், அறுப்புக் கூலிக்குக் கடன். உங்க அம்மா தோட்டை வெச்சுத்தான் அடைச்சோம். அடுத்த வருஷம் விதை விட எனக்குக் கை வரலை."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. அம்மாவோட தோடு ஏன் திரும்ப வரவே இல்லைன்னு நான் கேட்டதும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல அவர் மில்லுல அடுத்தவங்க மூட்டையை எண்ணிட்டு இருந்திருக்கார். எனக்கு அது வெறும் 'அப்பா வேலை'யா இருந்திருக்கு.

அவரே எழுந்தார். "காசு இருந்ததால அந்த நெல்லு வரலை பாப்பா. சொன்னா குடுப்பான்னு தெரிஞ்சதால வந்துச்சு. அதுக்குத்தான் அந்தப் பையன் சிலை வெச்சிருக்கான்"ன்னார்.

சரித்திரப்படி பார்த்தா, சரபோஜி சிலை வெச்சது நெல்லுக்காக இல்லை, தன்னை வளர்த்ததுக்காக. நான் அதைத் திருத்தலை. ஸ்வார்ட்ஸ் கல்லறைக்குச் சரபோஜி இங்கிலீஷ்ல தானே ஒரு கவிதை எழுதினார்னும் ஒரு நோட்ஸ் இருந்துச்சு. அதையும் அப்போ சொல்லலை. இன்னொண்ணையும் உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இந்த நட்புக் கதைக்கு அடுத்த பக்கம் அவ்வளவு இனிப்பா இல்லை. ராஜா ஆன மறு வருஷமே, 1799-இல், சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கும்பெனிக்கு எழுதிக் குடுத்தார். அதுக்கப்புறம் அவருக்கு மிச்சம் இருந்தது கோட்டையும் அதைச் சுத்தின இடமும்தான். வெளியில இருந்த வயலும் வரியும் கும்பெனிக்கு. ராஜா கையில புத்தகமும் பாட்டும் மிஞ்சுச்சு. அந்தப் புத்தகம் சரஸ்வதி மகால் நூலகம். பாட்டு அடுத்த தெருவுல இருக்கு.

அஞ்சாவது: மேல வீதி

அகழியை ஒட்டி வெளியே வந்து வடக்கே போனா மேல ராஜ வீதி. பழைய கோட்டையோட நாலு ராஜ வீதியில இது ஒண்ணு. கடை, ஸ்கூட்டர் எல்லாம் உண்டுதான், ஆனா நடுநடுவுல ஓட்டு வீடு, திண்ணை, மரத்தூண் இன்னும் மிச்சம் இருக்கு. பங்காரு காமாட்சி கோயில் இந்த வீதியிலதான். காஞ்சிபுரத்துலேர்ந்து பாதுகாப்புக்காகக் கிளம்பின தங்கக் காமாட்சி, பல ஊர் சுத்தி இங்கே வந்து தங்கிட்டா. அந்தக் கோயில்ல பூஜை பண்ணினவர்தான் சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தரான சியாமா சாஸ்திரி.

இதே வீதியில தஞ்சை நால்வர் வீடு இருக்கு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. சரபோஜி சபையில இருந்த நாலு அண்ணன் தம்பிங்க. இன்னைக்கு சென்னையில எந்த சபாவுல பரதநாட்டியம் பார்த்தாலும், அலாரிப்புல ஆரம்பிச்சு தில்லானாவுல முடியுற அந்த வரிசை இவங்க வகுத்தது. கடைசித் தம்பி வடிவேலு ஐரோப்பாவோட வயலினை எடுத்து நம்ம பாட்டுக்கு வாசிச்சவர். திருவிதாங்கூர் போய் சுவாதித் திருநாள் சபையில இருந்தார். 1834-இல் மகாராஜா அவருக்குத் தந்தத்துல செஞ்ச வயலின் ஒண்ணைப் பரிசா குடுத்தார்.

கோயில் விமானத்துல ஏறின தொப்பிக்காரர், லண்டன்லேர்ந்து வந்த பளிங்கு, கர்நாடக சங்கீதத்துக்குள்ளே வந்த வயலின். ஐரோப்பாவோட அமைதியான ஒரு ஓரம் தேடி நான் கோபன்ஹேகன் போனேன். அது பாதி இங்கேதான் கிடந்திருக்கு.

ஆறாவது: வரத்தும் போக்கும்

மேல வீதிப் பக்கம் அய்யன்குளம்னு ஒரு குளம். நாலு பக்கமும் படி, தெளிவான சதுரம். காலையில அங்கே நடக்க வந்த ஒரு பெரியவர்கிட்ட அப்பா நேரா போய், "இதுக்கு வரத்து எங்கேர்ந்துங்க?"ன்னார்.

அவர் சிரிச்சுட்டார். "நீங்க எந்த ஊர்?"

"பூதலூர்."

"அதான் கேட்கறீங்க"ன்னு சொல்லிட்டு, அவர் விரலால காத்துல ஒரு கோடு போட்டார். ஊருக்கு மேற்கே சேவப்ப நாயக்கன் ஏரி. மழைத் தண்ணி அங்கே சேரும். அங்கேர்ந்து சிவகங்கைக் குளம். சிவகங்கையிலேர்ந்து பூமிக்கு அடியிலேயே ஒரு வழி, இந்த அய்யன்குளத்துக்கு. நாயக்கர் காலத்து ஏற்பாடு. மேலே தெரு, வீடு எல்லாம் வந்து, அந்த வழி அடைஞ்சு, ஜனங்க மறந்தே போயிட்டாங்க. சில வருஷம் முன்னாடி ஸ்மார்ட் சிட்டி வேலையில குளத்தைத் தூர் வாரினப்போ அதைத் திரும்பக் கண்டுபிடிச்சுச் சீர் பண்ணினாங்க.

அப்பா முகத்தை நீங்க பார்த்திருக்கணும். நாங்க நடந்து வந்த அதே வழியில, எங்க காலுக்குக் கீழேயே தண்ணியும் வந்திருக்கு! சிவகங்கை தலைமடை, அய்யன்குளம் கடைமடை. அவர் படியில இறங்கி, தண்ணியில கையை விட்டு, முகத்தைத் துடைச்சுட்டு வந்தார். "இப்போ சரி"ன்னார்.

அந்த 'சரி'யைத்தான் நான் இந்த எபிசோட்ல உங்ககிட்ட சொல்ல நினைச்சேன். எனக்கு ஊர்னா தேதியும் பேரும். அவருக்கு ஊர்னா எங்கேர்ந்து வருது, எங்கே போகுது, சேர வேண்டியது போய்ச் சேர்ந்துச்சா. என் நோட்ஸோட மட்டும் நடந்திருந்தா நாலு ஃபோட்டோ கிடைச்சிருக்கும். அவர் கேள்வியோட நடந்ததால அந்தத் தண்ணி வழி கிடைச்சது. எங்க வீட்டுக் கதையும் கிடைச்சது.

நீங்க போறதா இருந்தா

காலையில ஆறரைக்கு ஆரம்பிங்க. வெயில் ஏறுறதுக்குள்ளே முடிச்சிடலாம். வழி இதுதான்: ரயில்வே ஸ்டேஷன், இர்வின் பாலம், பெரிய கோயில் வடக்குப் பக்கம், சிவகங்கைப் பூங்கா, ஸ்வார்ட்ஸ் தேவாலயம், மேல வீதி, அய்யன்குளம். இன்னும் கால் தாங்கும்னா மேல வீதியோட வடக்கு முனையில மூலை ஆஞ்சநேயர். அங்கேர்ந்து அரண்மனையும் சரஸ்வதி மகாலும் பக்கம். ஆனா அது இன்னொரு எபிசோட்.

தேவாலயம், கோயில் எல்லாம் இன்னும் வழிபாடு நடக்கற இடங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்துல வேடிக்கை பார்க்கப் போகாதீங்க. ஃபோட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. மேல வீதித் திண்ணைகள் அடுத்தவங்க வீடு, ரீல்ஸ் எடுக்கற செட் இல்லை.

முக்கியமா ஒண்ணு. முடிஞ்சா உங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. தஞ்சாவூர்தான்னு இல்லை, உங்க ஊர் எதுவா இருந்தாலும் சரி. தச்சு வேலை பார்த்தவரா இருந்தா கதவைப் பார்ப்பார். பூ கட்டினவங்களா இருந்தா கோயில் வாசல் வேற மாதிரி தெரியும். நோட்ஸ் எடுத்துட்டுப் போங்க, ஆனா அவங்க நிக்கிற இடத்துல நீங்களும் நில்லுங்க.

திரும்பி வர்ற பாசஞ்சர்ல, ஆலக்குடி தாண்டும்போது அப்பா கேட்டார்: "ஆமா, தஞ்சாவூர்ல ஏதோ வேலை இருக்குன்னியே, அதை முடிக்கவே இல்லையே?"

முடிஞ்சிடுச்சுப்பான்னேன்.

இப்போ வாரம் ரெண்டு நாள் புது ஆத்துக் கரையில நடக்கறார். யாராவது கேட்டா, தண்ணி எவ்வளவு வருதுன்னு பார்க்கப் போறேன்னு சொல்லிக்கறாராம். சுகர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அம்மாவுக்கு ஒரு ஜோடித் தோடு எடுக்கணும்னு நான் சீட்டு கட்ட ஆரம்பிச்சிருக்கேன். அது இன்னும் அம்மாவுக்குத் தெரியாது, அவங்க இந்த பாட்காஸ்ட் கேட்கிறதில்லை. யாரும் சொல்லிடாதீங்க.

உங்க ஊர்ல நீங்க நடக்கற வழி எதுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.